வாய் பேசாத தளபதி ஊமைத்துரை
(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

வானம் பார்த்த பூமி எங்கள் கரிசல் பூமி. ஓட்டப்பிடாரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது இரண்டு பெயர்கள். ஒன்று, இங்கே பிறந்த கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார். மற்றொன்று, பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட வீரபாண்டியக் கட்டபொம்மன். 1959-இல் திரைப்படமாக வந்த பிறகு கட்டபொம்மனைத் தெரியாத தமிழ்க் குழந்தை கிடையாது. ஆனால் அண்ணன் தூக்கில் தொங்கிய பிறகு, இடிந்த கோட்டையை மறுபடியும் எழுப்பி, ஆங்கிலேயரின் காலாட்படையையும் பீரங்கியையும் குதிரைப்படையையும் மூன்றரை மாத காலம் திணற வைத்த தம்பியைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் தம்பிதான் ஊமைத்துரை. அவர் வரலாற்றை என் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் குமாரசாமி. தந்தை ஜெகவீரக் கட்டபொம்மன், தாய் ஆறுமுகத்தம்மாள். மூத்த அண்ணன் வீரபாண்டியக் கட்டபொம்மன் 1760-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர். துரைச்சிங்கம் என்னும் செவத்தையா இன்னொரு சகோதரர். ஈசுவரவடிவு, துரைக்கண்ணு என்று இரண்டு சகோதரிகளும் இருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர் குடும்பம் அது. குல தெய்வம் ஜக்கம்மா. பாஞ்சாலங்குறிச்சியில் அந்த அம்மனுக்கு இன்றும் கோயில் இருக்கிறது.

குமாரசாமிக்கு ஏன் ஊமைத்துரை என்று பெயர் வந்தது? அவருக்குப் பேச்சு வராது என்பது ஒரு சாரார் கூற்று. முழு ஊமை அல்லர், நாக்குத் திக்கும் என்பது இன்னொரு சாரார் கூற்று. எப்படியிருந்தாலும் அவர் மேடையேறிப் பேசிப் படை திரட்டியவர் அல்லர் என்பது நிச்சயம். அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி பிற்காலத்தில் தம் போர் அனுபவங்களை 1830-இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஊமைத்துரையைப் பற்றி அவர் எழுதியிருக்கும் செய்திகள் வியப்பானவை. உயர்ந்து மெலிந்த உருவம். நோயாளி போன்ற தோற்றம். ஆனால் அவர் சைகை ஒன்று செய்தால் போதும், அது தெய்வ வாக்குப் போல நிறைவேறுமாம். தம் ஆட்களுக்கு அவர் எப்படிக் கட்டளை கொடுத்தார் தெரியுமா? சில துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பார். அவைதாம் ஆங்கிலேயர் படை. பிறகு சைகை காட்டி, வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, வலக் கையால் அவற்றைத் துடைத்துத் தள்ளுவார். அவ்வளவுதான், தாக்குதலுக்கு உத்தரவு ஆகிவிட்டது! இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காலத்தில் நம் பகுதி பல பாளையங்களாகப் பிரிந்திருந்தது. பாளையக்காரர்கள் ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டி வந்தார்கள். நவாபோ ஆங்கிலக் கம்பெனியிடம் கடன் வாங்கி வாங்கி, மீள முடியாத நிலைக்கு வந்துவிட்டார். 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனியின் கைக்குப் போயிற்று. கடன் வாங்கியவர் ஒருவர், கட்ட வேண்டியவர் வேறொருவர்! மழை பெய்தால்தான் விளைச்சல் என்கிற கரிசல் காட்டில், மழை பொய்த்த ஆண்டிலும் கப்பம் தவறக் கூடாது என்றால் என்ன செய்வது? 1798-ஆம் ஆண்டு மே மாத முடிவில் கட்டபொம்மன் கட்ட வேண்டிய பாக்கி 3310 பகோடாக்கள் என்று கம்பெனிக் கணக்கு சொல்லிற்று. கலெக்டர் ஜாக்சன் தம்மை வந்து பார்க்குமாறு உத்தரவிட்டார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனார். அங்கே பார்க்க அனுமதி இல்லை. கலெக்டர் ஊர் ஊராகச் செல்ல, இவரும் 23 நாட்கள், ஏறக்குறைய 400 மைல் தூரம், பின்னாலேயே அலைய நேர்ந்தது. கடைசியில் 1798 செப்டம்பர் 10-ஆம் நாள் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கே கட்டபொம்மனைச் சிறைப்பிடிக்க முயன்றதால் கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் என்பவர் கொல்லப்பட்டார். அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அண்ணன் வெளியே தப்பிவர ஊமைத்துரைதான் துணை நின்றார் என்பது நம் பக்கத்து வழக்கு.

இதற்குப் பின் சென்னையிலிருந்து விசாரணைக் குழு வந்து, ஜாக்சனின் நடத்தையைக் கண்டித்ததும், அவர் பதவி இழந்ததும், சுப்பிரமணிய பிள்ளை விடுதலையானதும் பாடப் புத்தகத்தில் உள்ளவை. ஆனால் அமைதி நீடிக்கவில்லை. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மேன் பெரும்படையுடன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். (அதே செப்டம்பர் 5-ஆம் நாளில்தான், 73 ஆண்டுகள் கழித்து, வ. உ. சி. ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார்.) கோட்டையைக் காக்க முடியாமல் சகோதரர்கள் வெளியேறினர். சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் ஒரு புளிய மரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பாளையக்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து நிற்க வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே அதைச் செய்தார்கள். பயம் வேண்டும் அல்லவா! கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊமைத்துரையையும் செவத்தையாவையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றே கம்பெனியார் நினைத்தார்கள். உண்மையில் ஊமைத்துரையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பதினைந்து மாதங்களுக்கு மேல் சிறை வாழ்க்கை. கைதிகளுக்கு அம்மை கண்டதால் இரக்கப்பட்டு விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள் என்று சொல்வதுண்டு. 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் மாலை. மேஜர் மெக்காலேயின் வீட்டில் ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமாரும் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். அந்நேரம் பார்த்து வெளியிலிருந்து வந்த ஆட்கள் காவலரை மடக்கி ஆயுதங்களைப் பறித்துச் சிறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். விறகு விற்பவர்களைப் போல வேடமிட்டு, விறகுக் கட்டுக்குள் கத்திகளை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி ஏறக்குறைய முப்பது மைல். இரவோடிரவாக அவ்வளவு தூரத்தையும் கடந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு வாரம் கழிந்தது. பிப்ரவரி 9-ஆம் நாள் மெக்காலே தம்மிடம் இருந்த படையைத் திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். பொட்டல்வெளியைக் காணப் போகிறோம் என்றுதான் அவர்கள் வந்தார்கள். அங்கே கண்டதோ ஒரு கோட்டை! சுற்று மதில், கொத்தளங்கள், அவற்றைச் சுற்றி முள்வேலி. உள்ளே ஆயிரக்கணக்கில் வீரர்கள். ஆறே நாட்களில் இடிந்த கோட்டை எழுந்து நின்றது. எத்தனை ஊர் மக்கள் இரவும் பகலும் மண் சுமந்திருக்க வேண்டும்! ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்திருக்க மாட்டார்கள். கரிசல் மண்ணைப் பற்றி நமக்குத் தெரியாததா? கோடையில் வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். நீர் சேர்த்துக் குழைத்தால் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் காட்டுக்குப் போய்விட்டு வந்தால் செருப்பு எடை இரண்டு மடங்காகிவிடும். கல் மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சிதறும். மண் மதிலிலோ குண்டு உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும். எனவே செலவில்லாமல் கட்டிய இந்த மண் கோட்டை, இலட்சக்கணக்கில் பணம் கொட்டிக் கட்டிய கோட்டைகளுக்குச் சற்றும் இளைத்ததல்ல.

மெக்காலேயிடம் அதைத் தாக்கப் போதிய பலம் இல்லை. மறுநாளே பின்வாங்கிப் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். திரும்பும் வழியிலும் ஊமைத்துரையின் ஆட்கள் விடாமல் தாக்கினார்கள். அடுத்த சில வாரங்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் ஊமைத்துரையின் கையில் இருந்தது. தூத்துக்குடியும் அவர் ஆட்கள் வசமாயிற்று. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். துறைமுக அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரைப் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பின்னாலேயே சென்று, கணவரை விட்டுவிடும்படி மன்றாடினார். ஊமைத்துரையின் தரப்பினர் அவருக்கு ஒரு தீங்கும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். தம் அண்ணனைத் தூக்கில் போட்டவர்களின் ஆள் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள்! இந்தச் செய்தியை எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள் அல்லர், ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் மாதக் கடைசியில் கம்பெனிக்குப் புதுப்படை வந்து சேர்ந்தது. அதில் சென்னைக் கவர்னரின் மெய்க்காவல் குதிரைப்படையும் இருந்தது. நம் பகுதியைப் படத்தில் வரைந்தால் மலை வரைய வேண்டியதில்லை. மரங்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் பருத்திமாரைத் தவிர மறைப்பு ஒன்றும் இராது. குதிரை வீரனுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. கால்நடையாக நின்று போரிடுபவனுக்கு இதைவிட ஆபத்தான இடமும் வேறில்லை. பசுவந்தனைப் பக்கத்தில் வெட்டவெளியில் வந்துகொண்டிருந்த பாஞ்சாலங்குறிச்சி வீரர் கூட்டமொன்றை, லெப்டினன்ட் ஜேம்ஸ் கிராண்ட் என்பவரின் தலைமையில் இந்தக் குதிரைப்படை பாய்ந்து தாக்கியது. நம்மவர் கையில் இருந்தவை நீண்ட ஈட்டிகளே. ஓடவில்லை, குதிரைகளுக்கு எதிரே ஈட்டிகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டார்கள். கிராண்டும் ஈட்டியால் குத்தப்பட்டுப் படுகாயம் அடைந்தார். குதிரை மேல் வாளோடு வருகிறவனைத் தரையில் நின்று எதிர்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை, தெருவில் மிரண்டு ஓடிவரும் மாட்டு வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள் ஓரளவு ஊகிக்கலாம்.

மறுநாள் மார்ச் 31. மதிலில் பீரங்கியால் ஓர் உடைப்பு ஏற்படுத்தி, அதன் வழியே புகுந்துவிடலாம் என்று படை முன்னேறியது. மதிலை அடைந்தார்கள், உடைப்பின் உச்சியிலும் ஏறினார்கள். ஆனால் ஏறியவர் ஒருவரும் உள்ளே இறங்க முடியவில்லை. காரணம் என்னவென்று அப்போது அவர்களுக்கு விளங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோட்டைக்குள் நுழைந்து பார்த்த பிறகுதான் விளங்கிற்று. கொத்தளங்களை உட்புறம் குடைந்து வைத்திருந்தார்கள். அந்தக் குழிவுகளில் மறைந்து நின்றவர்கள், மேலே ஏறி வருகிறவர்களை நீண்ட ஈட்டிகளால் கீழிருந்தே குத்தித் தள்ளியிருக்கிறார்கள். மேலே நிற்பவனுக்குத் தன்னைக் குத்துவது யார் என்றே தெரியாது. இப்படியொரு கோட்டையைத் திட்டமிட்டவர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். அன்றைய தினம் ஆங்கிலேயருக்குப் பெருத்த சேதம். பல அதிகாரிகள் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் பின்வாங்கி, கோட்டைக்குச் சற்று தூரத்தில் கூடாரம் அடித்து, மேலும் படை வரும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம் அக்கினி வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

இந்த நேரத்தில் நம் நாட்டுப் பாளையக்காரர் சிலர் கம்பெனியின் பக்கம் நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எட்டயபுரத்தார் படையனுப்பி உதவினார்கள். இதனால் எட்டயபுரம் என்ற பெயரையே ஏசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அரண்மனை செய்ததற்கு ஊர் என்ன செய்யும்? 1882-இல் மகாகவி பாரதியார் பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான்.

மே மாதம் கர்னல் அக்னியூ பெரும்படையுடனும் கனத்த பீரங்கிகளுடனும் வந்து தலைமையேற்றார். 23-ஆம் நாள் பீரங்கிகள் முழங்கின. 24-ஆம் நாள் மதில் தகர்ந்தது. இந்த முறை ஆங்கிலேயர் உள்ளே புகுந்துவிட்டார்கள். எஞ்சியிருந்த வீரர்கள் சிதறி ஓடவில்லை. நெருக்கமாக அணிவகுத்து, கோட்டையின் மறுபக்கமாக வெளியேறிச் சமவெளியில் இறங்கினார்கள். அங்கேதான் குதிரைப்படை காத்திருந்தது. அணி கலையும்வரை அவர்கள் தாக்குப் பிடித்தார்கள். கலைந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் நூற்றுக்கணக்கில் மாண்டு கிடந்தார்கள். அப்படிக் கிடந்தவர்களின் நடுவே, உடம்பெல்லாம் காயங்களோடு, நினைவிழந்து கிடந்தார் ஊமைத்துரை.

இனி நான் சொல்லப் போவது ஒரு தாயின் கதை. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதையும் எழுதி வைத்தவர் அந்த வெல்ஷ் என்ற எதிரிதான்.

குதிரைப்படை துரத்திக்கொண்டு போனபின், பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடி அந்தப் போர்க்களத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு உடலாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு தாய், தன் மகனைக் கண்டாள். உயிர் இன்னும் போகவில்லை. அவனைத் தூக்கிச் செல்ல அவள் குனிந்தபோது, அந்த இளைஞன் தன்னை விட்டுவிடும்படியும், பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் தாயிடம் வேண்டினான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. மகனுக்கும் உயிர் இருக்கிறது. மற்றவருக்கும் உயிர் இருக்கிறது. தூக்கிச் செல்ல முடிந்ததோ ஒருவரைத்தான். அந்தத் தாய் என்ன செய்தாள்? மகன் சொன்னதையே செய்தாள். மற்றப் பெண்களின் துணையோடு ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதற்குள் தேடுதல் தொடங்கிவிட்டது. எட்டயபுரத்து ஆட்கள் வீடு வீடாக நுழைந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் ஒரே அறை. நடுவில் அசைய முடியாமல் கிடக்கிறார் தளபதி. ஒளித்து வைக்க இடமில்லை. அந்தப் பெண்கள் கண நேரத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஊமைத்துரையைத் தலை முதல் கால் வரை துணியால் மூடினார்கள். சுற்றி உட்கார்ந்து ஓலமிட்டு ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் கேட்டபோது, அம்மை கண்டு இறந்துவிட்டான் என்று சொன்னார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம், வந்தவர்கள் நிலைப்படி தாண்டாமல் ஓடிவிட்டார்கள்.

இன்று நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அன்று பெரியம்மை என்றால் சாவு என்று பொருள். பிழைத்தவர்களும் பலர் கண்ணிழந்தார்கள். எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டுபிடித்தது 1796-இல். அது இந்தியாவுக்கு முதன் முதலாக வந்து சேர்ந்தது 1802-இல், பம்பாயில். அதாவது, பாஞ்சாலங்குறிச்சிப் போருக்கு அடுத்த ஆண்டு. அந்த வாளேந்திய வீரர்கள் அஞ்சி ஓடியதில் வியப்பில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் ஒவ்வொருவரின் பெயரும், பதவியும், எந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவர் என்பதும் அவர் புத்தகத்தில் இருக்கிறது. மகனைக் களத்தில் விட்டுவிட்டு வந்தவளுக்கு மட்டும் பெயர் இல்லை.

உலக வரலாற்றில் இதைப் போன்ற இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பாஞ்சோ வில்லா என்ற மெக்சிகோ நாட்டுப் புரட்சித் தலைவரின் ஆட்கள், 1916 மார்ச் 9-ஆம் நாள் எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் கொலம்பஸ் என்ற சிற்றூரைத் தாக்கினார்கள். அவரைப் பிடிக்க ஜெனரல் பெர்ஷிங் என்பவர் குதிரைப்படையுடன் மெக்சிகோவுக்குள் நுழைந்தார். அங்கும் வறண்ட நிலம், வெயில், புழுதி. அவர்களிடம் மோட்டார் லாரிகளும் ஆகாய விமானங்களும்கூட இருந்தன. வில்லாவோ காலில் குண்டு பட்டு ஒரு மலைக் குகையில் ஒளிந்திருந்தார். ஏறக்குறைய பதினொரு மாதம் தேடிவிட்டு, 1917 பிப்ரவரியில் படை வெறுங்கையோடு திரும்பியது. வில்லா கைக்கொண்ட எல்லா முறைகளையும் நாம் பாராட்ட முடியாது; கொலம்பஸில் ஆயுதமில்லாத மக்களும் இறந்தார்கள். ஆயினும் ஒன்று மட்டும் இரண்டு கதைகளிலும் ஒன்றுபோல இருக்கிறது. நிலம் தெரிந்தவன் அயலூர்ப் படையிடம் எளிதில் அகப்படுவதில்லை. அந்த நிலத்து மக்கள் அவனைக் காட்டிக்கொடுக்காதவரை.

ஊமைத்துரை பிழைத்தார். காயம் முழுவதும் ஆறும் முன்பே கமுதி வழியாகச் சிவகங்கைச் சீமைக்குப் போனார். அங்கே மருது சகோதரர்கள் ஆட்சி செய்துவந்தார்கள். அடைக்கலம் கொடுத்தால் கம்பெனியின் பகை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே சிறுவயலில் அவரை வரவேற்றார்கள். 1801 ஜூன் 16-ஆம் நாள் சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பட்டது. சாதி, சமயம் பாராமல் நாட்டு மக்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து அந்நியரை எதிர்க்க வேண்டும் என்று அது அழைத்தது. ஒரு பாளையத்துக் கப்பத் தகராறாகத் தொடங்கியது, இப்போது திண்டுக்கல் முதல் இராமநாதபுரம் வரை பரவிய போராக மாறிவிட்டது.

சிவகங்கைக் காடுகளில் குதிரைப்படையின் வேலை செல்லவில்லை. கரிசல் வெளியில் காற்றாய்ப் பறந்த குதிரைகள், காளையார்கோயிலைச் சுற்றியிருந்த அடர்ந்த முட்காட்டில் நுழைய முடியாமல் நின்றன. சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட அக்னியூவின் படை ஒரு மாதம் பாடுபட்டது. வெட்டுகிறவர்கள் மேல் நாள்தோறும் தாக்குதல். கடைசியில் அந்த வேலையையே கைவிட்டார்கள். ஆனால் கம்பெனிக்கு வேறு வழிகளும் தெரியும். சிவகங்கையின் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் பட்டம் சூட்டி, மக்களில் ஒரு பகுதியினரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஊமைத்துரை திண்டுக்கல் சீமைக்குப் போய் அங்கேயும் போரைத் தொடரப் பார்த்தார். இந்த முறை தப்ப முடியவில்லை. அவரும் செவத்தையாவும் பிடிபட்டார்கள். அவர்களைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து, 1801 நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். அண்ணன் கயத்தாற்றில் இறந்து இரண்டு ஆண்டுகளும் ஒரு மாதமும் ஆகியிருந்தன.

அதோடும் கம்பெனியாரின் கோபம் தீரவில்லை. மருதுவின் இளம் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். ஒருமுறை இடித்ததை ஆறு நாளில் கட்டிவிட்டார்கள் அல்லவா, அந்த அச்சம்! பாளையத்து ஊர்களை எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை பாளையக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஜில்லாவின் கணக்குப் புத்தகங்களிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே அடித்துவிட்டார்கள்.

பின்னால் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய பிஷப் கால்டுவெல், 1881-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தப் போர்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்கினார். 1974-இல் தமிழ்நாடு அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை ஒன்றைக் கட்டியது. அதன் உட்சுவர்களில் போர்க் காட்சிகளை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். இந்தப் போரில் மாண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைகளும் அந்த ஊரில் இருக்கின்றன. ஓட்டப்பிடாரம் தாலுகாவில் பாஞ்சாலங்குறிச்சி இப்போது ஒரு கிராமம். கணக்குப் புத்தகத்தில் அதன் பெயர் மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது.